நடு சீட்டில் வைத்த பொப்கார்ன்

விளக்கை அணைத்துவிட்டார்கள். அவர் இன்னும் வந்து சேரவில்லை.

வரிசையின் ஓரத்தில் நான். எனக்கு அடுத்து அக்கா. அக்காவுக்கு அடுத்து ஒரு காலி சீட்டு, அதில் பொப்கார்ன் வாளி. அதற்கும் அடுத்து இன்னொரு காலி சீட்டு. அந்தச் சீட்டுக்கு வரவேண்டிய மனிதருக்காகத்தான் நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் படம் பார்க்க வந்திருந்தோம்.

திரையில் விளம்பரம் ஓடியது. ஏர்கோன் குளிரில் என் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அது குளிர் இல்லை என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

"வரமாட்டாரோ?" என்று அவள் காதில் கேட்டேன்.

"பாலத்துல ஜாமா இருக்கும். பேசாம படத்த பாரு."

"படம் இன்னும் ஆரம்பிக்கலயே."

"அப்ப விளம்பரத்த பாரு."

என் போன் ஒளிர்ந்தது. தனம் ஆன்ட்டி. 'வந்துட்டாரா?' நான் 'இல்லை' என்று அடித்துக்கொண்டிருக்கும்போதே படிக்கட்டில் ஒரு உருவம் குனிந்து ஏறி வந்தது. போன் வெளிச்சத்தில் சீட்டு எழுத்தைத் தேடித் தேடி, எங்கள் வரிசையில் நின்றது. துவைத்துத் தேய்த்த சட்டை வாசனையும் கொஞ்சம் மழை வாசனையும் வந்தன. மறுபக்கமாக வந்து, பொப்கார்ன் வாளிக்கு அந்தப் பக்கம் அந்த மனிதர் உட்கார்ந்தார்.

எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஏற்பாடு அப்படி.

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் அக்கா வசந்தாவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். என்னைவிட ஆறு வயது மூத்தவள். கல்யாணம் ஆகவில்லை. எனக்கும் ஆகவில்லை. பினாங்கில், கெலுகோரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். போன வாரம் தொழிற்சாலையில் என் முதல் நாளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைத் தொடர்வதாகத்தான் இருந்தது. ஆனால் "என் கதையை எழுதாதே" என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்த அக்கா, போன ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிக்கொண்டே "சரி, எழுதித் தொல" என்று சொல்லிவிட்டாள். அவள் மனம் மாறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஏன் தியேட்டரில்

தனம் ஆன்ட்டி எங்களோடு கோயிலுக்கு வருகிறவர். கையில் எப்போதும் இரண்டு போன். ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று மாப்பிள்ளைகளுக்கு. அவர்தான் கெப்பாலா பத்தாஸ்காரர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். பெயர் குணசேகரன். அரசாங்க ஆபீசில் வேலை. மனைவி தவறிப் பல வருடம். ஒரே மகள், கல்யாணமாகி ஜொகூரில் இருக்கிறாள்.

"நல்ல மனுசன்லா. சொந்தமா சமைக்கிறாரு. ஒரு நாள் வீட்டுக்கு வர சொல்லவா?" என்று ஆன்ட்டி கேட்டார்.

அக்கா ஒரே வார்த்தையில் சொன்னாள். "வீட்டுக்கு வேணாம்."

"அப்ப போட்டோ அனுப்பறேன், பாரு."

"போட்டோவும் வேணாம். என் போட்டோவையும் குடுக்காதீங்க. போட்டோவ பாத்து வேணாம்னு சொல்றது ரொம்ப சுலபம். போனை இப்டி தள்ளிட்டு போயிடலாம்."

"அப்ப எப்டிதான் பாக்கறது? கனவுலயா?"

அப்போதுதான் தியேட்டர் யோசனை வந்தது. இது புதுசு இல்லை. அந்தக் காலத்தில் பினாங்கில் பல குடும்பங்கள் இப்படிச் செய்திருக்கின்றன. பெண் வீட்டார் ஒரு பக்கம் உட்காருவார்கள், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம் உட்காருவார்கள், யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். பிடித்திருந்தால் மறுநாள் ஆள் அனுப்புவார்கள். பிடிக்காவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. படம் பார்க்கப் போனோம், பார்த்தோம், வந்தோம். பெண்ணுக்கு ஒரு சொல் வராது.

எங்கள் அப்பா அம்மாவைப் பார்த்தது அப்படித்தான். ஆனால் சீட்டு மாறிவிட்டது. அம்மா அவருக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்துவிட்டார். "மூணு மணி நேரம் கொண்டையத்தான் பாத்தேன். கொண்டைய நம்பித்தான் கட்டினேன்" என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அதற்கு, "அது சவுரி" என்பார். அந்தத் தியேட்டர் இப்போது இல்லை. கார் நிறுத்துகிற இடமாகிவிட்டது.

ஆக, பேரங்காடி தியேட்டரில், வேலைநாள் மத்தியானக் காட்சிக்கு, நடுவில் ஒரு சீட்டு விட்டு டிக்கெட் எடுத்தாயிற்று. என்ன படம் என்று ஆன்ட்டி பார்க்கவில்லை. "காதல் படம்லா, பழைய காலத்து டிரெஸ்ஸெல்லாம் போட்டு வராங்க, நல்லா இருக்கும்" என்றார். நான் விசாரித்தேன். எனக்கு விசாரிக்காமல் தூக்கம் வராது. விசாரித்த பிறகு சுத்தமாக வரவில்லை.

அந்தப் படம் இரண்டு அக்கா தங்கச்சியின் கதை. சொத்தெல்லாம் போய்விடுகிறது. மூத்தவளை விரும்பினவன் விலகிப் போகிறான்.

"வேற படத்துக்குப் போலாம்க்கா" என்றேன்.

"எதுக்கு? நம்ம கதையவா எடுத்துருக்காங்க?"



மில்லு வீடு

அப்பாவுக்கு ஜார்ஜ் டவுனில் மசாலை மில் இருந்தது. கீழே மில், மேலே வீடு. மிளகாய் அரைக்கிற நாளில் தெருவே தும்மும். எங்கள் தலைமுடியில், பள்ளிப் புத்தகத்தில், தலையணையில் எல்லாம் மல்லி வாசனை. அப்போது எங்களைப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் சொல்வார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் கடைசி ஆள்வரை அரைத்துக் கொடுத்துவிட்டு, அப்பா முழு உடம்பும் மஞ்சளாக மாடி ஏறி வருவார்.

அந்த மில்லுக்கு ஒரு பையன் வருவான். பட்டர்வொர்த்தில் இருந்து. ஒவ்வொரு தடவையும் அரைக் கிலோ மல்லி கொண்டுவருவான். அரைக் கிலோ மல்லி அரைக்க யாராவது ஃபெரி ஏறி வருவார்களா? மிளகாய் நெடியில் கண்ணெல்லாம் தண்ணீர் வழிய நிற்பான். அக்கா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒரு டம்ளர் தண்ணீரைக் குடிக்க அவனுக்கு அவ்வளவு நேரமாகும். இரண்டு வீட்டிலும் தெரிந்து, யாரும் சத்தம் போடாமல், கல்யாணப் பேச்சாகவே அது மாறியது. அக்காவுக்கு அப்போது இருபது. நான் இடைநிலைப் பள்ளியில் இருந்தேன்.

அந்தச் சமயத்தில் அப்பா பெரிய மில்லுக்கு ஆசைப்பட்டார். இருந்த மில்லையும் வீட்டையும் சேர்த்து பேங்கில் வைத்துப் புது மெஷின் இறக்கினார். அதே நேரத்தில்தான் கடைகளில் பாக்கெட் மசாலை வந்து குவிந்தது. மெஷின் பளபளவென்று நின்றது. அரைக்கத்தான் ஆள் இல்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் மட்டும் குடிப்பார்கள். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் முடிந்தது, அதற்குப் பிறகு பேச்சு மாறக் கூடாது. அன்றைக்கு அவர்கள் சாப்பிடுவதற்கென்றே வந்தார்கள். அம்மா விடியற்காலையில் எழுந்து சமைத்திருந்தார். கூடத்தில் இலை போட்டாயிற்று.

அன்றைக்குக் காலையில்தான் பேங்க் ஆட்கள் வந்து கீழே மில் கதவில் சங்கிலி மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் கதவைத் தாண்டித்தான் மாடிக்கு ஏற வேண்டும்.

வந்தார்கள். உட்கார்ந்தார்கள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். பையனின் அப்பா முதலில் சொன்னார், வயிறு கொஞ்சம் சரியில்லை என்று. அவர் மனைவிக்கும் சரியில்லை. பெரியப்பாவுக்கும் சரியில்லை. கூட வந்த அத்தைக்கும் சரியில்லை. அக்கா சமையல்கட்டு வாசலில் நின்று அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கீழே பார்த்துக்கொண்டு தன் வயிற்றின் மேல் கையை வைத்தான்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அவர்கள் படியிறங்கிப் போவதை எதிர்வீட்டு சீனத்தி முதல் கோடி வீட்டு மாமிவரை எல்லோரும் பார்த்தார்கள்.

போட்ட இலைகளை அக்கா ஒவ்வொன்றாக எடுத்தாள். துடைத்து, சுருட்டி, பேப்பரில் மடித்து ஐஸ்பெட்டியில் வைத்தாள். "நாளைக்கு ஆகும்மா" என்றாள். அந்த வாரம் முழுக்க நாங்கள் வாழை இலையில்தான் சாப்பிட்டோம். இன்றுவரை எனக்கு இலைச் சாப்பாடு இறங்காது.

பிறகு வீடு போனது. மூன்றாம் படிவத்தோடு என் படிப்பு நின்றது. மிச்சத்தை முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் எழுதவில்லை. அன்றைக்குப் பிறகு, வீட்டுக்கு வருகிற யாரையும் அக்கா "சாப்பிடுங்க" என்று சொன்னதில்லை. தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். வருகிறவர்கள் அவளுக்கு உபசரிக்கத் தெரியாது என்பார்கள். தெரியாமல் இல்லை. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு எதிரே இருக்கிற முகத்தைப் பார்க்க அவளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

வாளி

இப்போது தெரிகிறதா, அந்தப் பொப்கார்ன் வாளியைப் பார்த்து என் முழங்கால் ஏன் ஆடியது என்று?

அதை வாங்கியது நான். உப்பா இனிப்பா என்று கவுண்டர் பெண் கேட்டாள். அவருக்கு எது பிடிக்குமோ என்று பயந்து இரண்டையும் கலந்து வாங்கினேன். மடியில் வைத்தால் கொட்டிவிடும் என்று நடு சீட்டில் வைத்தேன். வைத்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. பெண் வீட்டுச் சாமான். மாப்பிள்ளை கைக்கெட்டுகிற தூரம். அவர் எடுத்தால் ஒரு அர்த்தம், எடுக்காவிட்டால் ஒரு அர்த்தம்.

திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவர் வந்து உட்கார்ந்துவிட்டார். இப்போது எடுத்தால் தரமாட்டேன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

எனக்கு அன்றைக்கு இரண்டு பயம். அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்பது ஒன்று. அக்கா இன்னொரு தடவை அதைத் தாங்க மாட்டாள். வேண்டும் என்று சொல்லிவிடுவாரோ என்பது இன்னொன்று. அதை நான் தாங்க மாட்டேன். கெப்பாலா பத்தாஸ் இருப்பது கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம். ராத்திரி கேஸ் அடைத்தாயா என்று நான் மூன்று தடவை கேட்டால் மூன்று தடவையும் பதில் சொல்ல வீட்டில் ஆள் இருக்காது.

படம் ஓடியது. உப்பு வியாபாரி ஒருவரின் இரண்டு பெண்கள். பெரிய வீடு, தூண்கள், ஊஞ்சல். சின்னவள் சத்தமாகச் சிரிக்கிறவள், மூத்தவள் சாவிக்கொத்து வைத்திருக்கிறவள். மூத்தவளுக்குக் கப்பல் ஏஜெண்டின் மகன்மேல் பிரியம்.

"உப்பளத்துல வேல செய்யறவளுக்கு உதட்டு சாயத்த பாரேன்" என்று அக்கா முணுமுணுத்தாள்.

அந்தப் பக்கத்தில் இருந்து லேசாக ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அக்கா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். திரை வெளிச்சத்தில் ஒரு கண்ணாடி, நரைத்த மீசை, இடது கை முழங்காலின் மேல். வலது கை, வாளியின் பக்கத்துக் கை, நாற்காலிக் கைப்பிடியில் இருந்தது. வாளிக்கும் அதற்கும் ஒரு ஜாண்கூட இல்லை.

அந்தக் கையைத்தான் நான் படம் முழுக்கப் பார்த்தேன்.

ஒரு தடவை அந்தக் கை கொஞ்சம் நகர்ந்தது. விரல்கள் வாளியின் விளிம்புவரை வந்தன. பிறகு கை திரும்பிப் போய்க் கைப்பிடியை இறுக்கப் பிடித்துக்கொண்டது.

போன் மறுபடி ஒளிர்ந்தது. 'எப்டி போவுது?' நான் போனைக் குப்புறக் கவிழ்த்தேன்.

உப்பு வியாபாரியின் பெண்கள்

மழை வந்து உப்பளத்தை அடித்துக்கொண்டு போனது. படத்தில் அதை நன்றாகவே எடுத்திருந்தார்கள். வெள்ளைக் குவியல் எல்லாம் கரைந்து தண்ணீராக ஓடுகிறது, உப்பு வியாபாரி முழங்கால் தண்ணீரில் நின்று வெறும் கையால் அணை போடுகிறார். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அக்காவைப் பார்க்கப் பயந்து, கீழே மலாயில் ஓடுகிற எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தக் காட்சி வந்தது.

கப்பல் ஏஜெண்ட் வீட்டார் வருகிறார்கள். கூடத்தில் இலை போட்டிருக்கிறது. மூத்தவள் தண்ணீர் தெளிக்கிறாள். வந்தவர்கள் இலைக்கு முன்னால் உட்காருகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அந்தப் பையனின் அப்பா எழுந்திருக்கிறார். பின்னாலேயே மற்றவர்களும். கடைசியாக அந்தப் பையன்.

இது எப்படி அவர்களுக்குத் தெரிந்தது? எந்த வீட்டில் பார்த்து எழுதினார்கள்? எத்தனை வீட்டில் நடந்திருக்கும்?

பக்கத்து சீட்டு டக்கென்று மேலே மடிந்த சத்தம் கேட்டது. அக்கா என் காலைத் தாண்டி, படியிறங்கிப் போய்விட்டாள்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து போனால் இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள் என்று அவர் நினைப்பார். போகாவிட்டால் அக்கா தனியாக நிற்பாள். கழிவறைக்குத்தான் போயிருப்பாள், முகம் கழுவிவிட்டு வந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கைப்பை சீட்டிலேயே இருந்தது. அதற்குள் அவள் போன்.

திரையில் மூத்தவள் இலைகளைக் கிணற்றடியில் கொண்டுபோய்ப் போட்டாள். எங்கள் அக்கா ஐஸ்பெட்டியில் வைத்தாள் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

அப்போது அந்த மனிதர் எழுந்தார். கைப்பிடியை இரண்டு கையாலும் ஊன்றி, மெதுவாக. வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபக்கமாகப் படியிறங்கினார். கதவு திறந்து மூடியபோது வெளிச்சம் ஒரு கோடாக வந்து போனது.

முடிந்தது என்று நினைத்தேன். வாளியில் ஒரு பொரிகூடக் குறையவில்லை.

கார் நிறுத்துமிடம்

என் கைப்பை, அக்கா கைப்பை, குடை, வாளி எல்லாவற்றையும் வாரி அணைத்துக்கொண்டு வெளியே ஓடினேன். வாளியை ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள். அப்படியே விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

கழிவறையில் அக்கா இல்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். ஒரு மலாய்ப் பெண் உள்ளே இருந்து "ஆட ஓராங்", ஆள் இருக்கு என்று கோபமாகச் சொன்னாள். டிக்கெட் கவுண்டர் பக்கம் இல்லை. நகரும் படிக்கட்டுப் பக்கம் இல்லை. காவலாளியிடம் கேட்டேன்.

"பச்சை பஞ்சாபி சூட் போட்ட அம்மாவா? லிஃப்ட்ல ஏறி கார் பார்க் போனாங்க. கூட ஒரு அங்கிள்" என்றார்.

கூட ஒரு அங்கிள். யாரென்று தெரியாத மனுசன். போட்டோகூடப் பார்க்கவில்லை. பேப்பரில் என்னென்னவோ போடுகிறார்கள். தனம் ஆன்ட்டியைக் கூப்பிட்டேன், லைன் பிஸி. இரண்டாவது போனுக்குக் கூப்பிட்டேன், அதுவும் பிஸி. ஒன்று மட்டும் ஆன்ட்டி முதலிலேயே சொல்லியிருந்தார், நான் விடாமல் கேட்டதால்: அவர் கார் சாம்பல் நிறம், பின் கண்ணாடியில் வேல் ஒட்டியிருக்கும்.

கார் பார்க்கின் மேல்தளத்தில் வேல் இல்லை. சாம்பல் நிறக் கார்கள் வரிசை வரிசையாக இருந்தன, முருகன்தான் இல்லை. சரிவில் நடந்தே அடுத்த தளத்துக்கு இறங்கினேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் நான் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. பொரி வழியெல்லாம் கொட்டிக்கொண்டு வந்தது.

தூணுக்குப் பின்னால் வேல் தெரிந்தது.

காரின் கதவு திறந்திருந்தது. அவர் சீட்டில் பக்கவாட்டாக உட்கார்ந்து, காலை சிமெண்டுத் தரையில் ஊன்றியிருந்தார். முகமெல்லாம் வேர்த்துச் சட்டைக் காலர் நனைந்திருந்தது. அக்கா அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் பிளாஸ்டிக் டப்பா, ஒரு கையில் அதன் மூடி.

"இன்னொண்ணு எடுங்க" என்றாள் அக்கா.

"போதுங்க."

"போதாது. கை இன்னும் நடுங்குது."

டப்பாவில் அவித்த மரவள்ளிக்கிழங்கு. மேலே துருவின தேங்காய். அவர் ஒரு துண்டை எடுத்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, மென்று விழுங்கினார்.

நான் மூச்சு வாங்க நின்றேன். "என்னக்கா? என்ன ஆச்சி?"

"நான் லிஃப்ட் பக்கம் நின்னுட்டு இருந்தேன். இவரு வந்து 'நீங்க நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டாரு. கேட்டுட்டு அவரே செவுத்துல சாயறாரு. இனிப்புநீராம், சக்கர எறங்கிருச்சி. காலையில மருந்து போட்டுட்டு, மத்தியானம் சாப்பிடாம வந்து உக்காந்துருக்காரு. கார்ல கெழங்கு இருக்குன்னாரு, புடிச்சி கூட்டிட்டு வந்தேன்."

"ஏன் சாப்பிடாம வந்தீங்க?" என்று போலீஸ் மாதிரி கேட்டேன்.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அக்கா கையைக் காட்டி உட்கார வைத்தாள்.

"படம் முடிஞ்சி எல்லாரும் சாப்பிட போலாம்னு நீங்க சொல்லி, நான் வயிறு ரொம்பிருச்சின்னு சொன்னா நல்லா இருக்காதேன்னு…" என்றார். "கெழங்கு வீட்டுக்குப் பின்னால போட்டது. அவசரத்துக்கு எப்பவும் கார்ல வெச்சிருப்பேன்."

"அவசரம்னா பக்கத்துலயே பொப்கார்ன் இருந்துச்சே" என்றாள் அக்கா. "ஒரு பிடி அள்ளி வாயில போட்டா என்ன?"

அவர் என் கையில் இருந்த வாளியைப் பார்த்தார்.

"அது எப்டிங்க முடியும்? பொண்ணு வீட்டு சாமான். நான் கை வெச்சா முடிவான மாதிரி ஆயிடும். நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலியே. அப்பறம் உங்களுக்கு வேணாம்னு தோணுச்சின்னா, சொல்ல சங்கடமா போயிடும்."

பினாங்கில் இப்படி யோசிக்கிற பைத்தியம் நான் ஒருத்திதான் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை ஏன் விளிம்புவரை வந்து திரும்பியது என்று அப்போதுதான் புரிந்தது. மயக்கம் வருகிற நிலையிலும் அந்த மனிதர் எங்கள் வாயிலிருந்து வரப்போகிற வார்த்தைக்காகக் கையைப் பிடித்துவைத்திருந்திருக்கிறார்.

அக்கா டப்பாவைக் குனிந்து பார்த்தாள். அவள் அழப்போகிறாள் என்று பயந்தேன். அவள் அழுவதை நான் கடைசியாகப் பார்த்தது எப்போது என்றுகூட ஞாபகம் இல்லை, எப்படித் தேற்றுவது என்றும் தெரியாது.

அவள் டப்பாவில் இருந்து ஒரு துண்டுக் கிழங்கை எடுத்தாள். தேங்காயில் புரட்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

"உப்பு கம்மி" என்றாள்.

அவர் பயந்து போய்ப் பார்த்தார். "நீங்க… சாப்பிடறீங்க?"

"மாப்பிள்ள வீட்டுக்காரங்கதான் கை நனைக்கக் கூடாது. பொண்ணு வீட்டுக்காரங்கள யாரும் ஒண்ணும் சொல்லல." இன்னொரு துண்டை எடுத்தாள். அதையும் நிதானமாகத் தின்று முடித்தாள். பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இப்ப நீங்க சாப்பிடுங்க."

மில்லு வீட்டுக் கூடத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். சொல்லிவிட்டு உள்ளே போக அங்கே சமையல்கட்டு இல்லை. அவள் நின்றாள்.

அவர் வாளியைப் பார்த்தார். வாளி என் இரண்டு கைக்குள் இருந்தது.

"பாப்பா" என்றாள் அக்கா. நாற்பது தாண்டியும் அவளுக்கு நான் பாப்பாதான்.

என் கை வரவில்லை. வாளியை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு நின்றேன். வாசலில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு கிடக்கிற மாதிரி தோன்றியது. ஒரு தட்டு, ஒரு டம்ளர். கேஸ் அடைத்தாயா என்று நானே கேட்டு நானே பதில் சொல்கிற மாதிரி. பாலத்தில் மழை, ஜாம், இந்தப் பழைய கார், இவருடைய நடுங்குகிற கை. எத்தனை விஷயம் இருக்கிறது பயப்படுவதற்கு.

அக்கா வாளியைப் பிடுங்கவில்லை. மறுபடி கூப்பிடவும் இல்லை. எதிரே இருந்த மனிதரும் கையை நீட்டவில்லை. அவர் முன்பு அவளுக்காகக் காத்திருந்த மாதிரி இப்போது இரண்டு பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

மேல் மாடியில் எங்கள் படம் முடிந்து ஆட்கள் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. உப்பு வியாபாரியின் மூத்த பெண் கடைசியில் என்ன ஆனாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாராவது சொல்ல வந்தாலும் அக்கா சொல்ல விடுவதில்லை.

நான் வாளியை நீட்டினேன்.

"உப்பும் இனிப்பும் கலந்து வாங்கினேன். உங்களுக்கு எது புடிக்கும்னு தெரியல. கொஞ்சம் கொட்டிடுச்சி. நமுத்தும் போயிருக்கும்" என்றேன். எல்லாக் குறையையும் நானே சொல்லிவிட்டால் அவர் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

அவர் ஒரு பிடி எடுத்தார். வாயில் போட்டு, நன்றாக மென்றார்.

"ஆமா தங்கச்சி, நமுத்துத்தான் போச்சி" என்றார்.

சொல்லிவிட்டு அடுத்த பிடிக்குக் கையை நீட்டினார். நான் வாளியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனேன்.